அதிகாரி நீட்டிய இளநீர்

தொண்ணூறுகளில் கோவையின் சிறுநீரக மருத்துவர்கள் எல்லோரும் ஒரே காரில் அடங்கிவிடுவோம். அடங்கித்தான் சென்னைக்குப் போனோம். தொழிலாளர் காப்பீட்டில் டயாலிசிஸுக்கு அரசு கொடுத்துவந்த தொகையை ஒரே உத்தரவில் வெட்டியிருந்தார்கள். இந்தப் பணத்துக்கு வாரம் ஒரு முறைதான் செய்ய முடியும், இரண்டு முறை கட்டுப்படியாகாது என்று ஆஸ்பத்திரிகள் கைவிரித்துவிட்டன.

என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் தொண்டாமுத்தூர்க்காரர், நூல் மில் தொழிலாளி. திங்களும் வியாழனும் வந்தவர், உத்தரவுக்குப் பிறகு திங்கள் மட்டும் வந்தார். வார இறுதிக்குள் கால் வீங்கிவிடும். படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தே தூங்கினார். இப்படியே போனால் ஆள் தங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் "பரவால்லீங்க டாக்டரம்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்னையில் எங்களுக்குக் கிடைத்தது காபியும் வராந்தா பெஞ்சும்தான். எங்களில் மூத்த மருத்துவர் ஒவ்வொரு அறையிலும் அதிகாரிகளின் சிரமத்துக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை போடப் போன இடத்தில் சம்பந்தம் பேசுவது எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். நான் மேசையைத் தட்டிப் பார்த்தேன், அதற்கும் பலன் இல்லை. கடைசியில் ஒரு அதிகாரி மட்டும் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் எழுதும் குறிப்பைப் பொறுத்துத்தான் எல்லாம்.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் படம் எல்லாம் வரைந்து, பேச வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் மில் தொழிலாளியின் மனைவி, சீவிய இளநீரை அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டார். வீட்டு மரத்துக் காயாம், குடித்துவிட்டுத்தான் பேச வேண்டுமாம். வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் பேச்சை ஆரம்பிப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை.

கணவர் தன் முறைக்காகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வறண்ட உதட்டைப் பார்த்ததும் அதிகாரிக்கு மனது கேட்கவில்லை. இளநீரை அப்படியே அவரிடம் நீட்டி, முதலில் நீங்கள் குடியுங்கள் என்றார். அந்த அம்மா தடுக்கக் கை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டார். கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார்.

பாய்ந்து தட்டிவிட்டேன். அதிகாரியின் சட்டையெல்லாம் இளநீர்.

இளநீர் ஆகாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், அறிவிருக்கிறதா என்று கத்தினேன்.

"பெரிய மனுசர் தன் கையால குடுக்கறாருங்க. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? நாக்க மட்டும் நனைச்சுப்போட்டு வெச்சரலாம்னு பாத்தேன்" என்றார் அவர்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, ஒரு வாரமாகச் சுத்தமாகாத ரத்தத்தில் அதுவும் சேர்ந்தால் இதயம் நின்றுபோகலாம் என்று விளக்கினேன்.

"வியாழக்கிழமை டயாலிசிஸ் நடந்திருந்தா நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்த வியாழக்கிழமையைத்தான் சார் நீங்க வெட்டிட்டீங்க."

அதிகாரி ஈரச் சட்டையோடு கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர், டயாலிசிஸுக்கு ஊசி குத்தியதிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நான் வரைந்த படங்களை யாரும் கேட்கவே இல்லை.

சில வாரங்களில் பழைய தொகையே தொடரும் என்று உத்தரவு வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். தலையில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அடுத்த திங்களன்று மில் தொழிலாளி வந்ததும் முதல் வேலையாகச் சொன்னேன்.

"அப்ப இனி வியாழக்கிழமையும் வரலாமுங்களா?"

"வந்துதான் ஆகணும்."

பரவாயில்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்பப் பயந்துபோயிட்டேனுங்க டாக்டரம்மா" என்றார்.

"நானுந்தாங்க" என்றேன்.