மாட்டுங்காவின் பின்பாதி

எங்கள் வீட்டு விலாசம் மாட்டுங்கா லேபர் கேம்ப். பொய்யில்லை, இடத்தின் பெயரே அதுதான். ஆனால் அது இருப்பது தாராவிக்குள். கோயிலும் பூக்கடையும் காப்பி மணமுமாக இருக்கிற மாட்டுங்காவோ ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். "பம்பாய்ல எங்கன இருக்கிய?" என்று ஊர்க்காரர்கள் கேட்டால் எங்கள் தெருவில் எல்லோரும் "மாட்டுங்கா" என்று சொல்லிவிட்டுப் பின்பாதியை விழுங்கிவிடுவோம். என் தங்கைக்கு வரன் பேசியபோது அப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

தங்கை செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்து மாப்பிள்ளை. போட்டோவைப் பார்த்தே அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. கட்டவேண்டிய புடவையை முந்தின நாளே இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் அவருடைய அம்மாவும் அண்ணனும் மட்டும் பெண் பார்க்க வந்தார்கள். பகலில் பம்பாயைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வாஷியில் என் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, தாதரில் இறங்கிய அவர்களை டாக்சியில் ஏற்றிக்கொண்டு நான்தான் கிளம்பினேன்.

வெள்ளைக்காரன் கட்டிய ரயில் நிலையத்தின் முன்னால் அந்த அம்மா வாயைப் பிளந்து நின்றார். "தலைநகரம்னா இதுல்லா தலைநகரம்," என்றார். அண்ணன்காரர் கல் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரிந்த கண்ணாடிக் கட்டடத்தையும் சேர்த்துப் படம் எடுத்தார்.

"பழசும் புதுசும் ஒரே போட்டோல வந்துட்டு பாத்தியளா? பழச எப்படிப் பாதுகாத்து வச்சிருக்கான் பாருங்க," என்று என்னிடம் காட்டினார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். என் ஊர்தானே அது.

கடல் பாலத்தைத் தாண்டியதும், எங்கே போகவேண்டும் என்று டிரைவர் கேட்டார். மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றேன். "தாராவி போலோ நா, பஹன்," என்றார் அவர் சாதாரணமாக, தாராவி என்றே சொல்லலாமே அக்கா என்கிற மாதிரி.

முன்சீட்டில் இருந்த அண்ணன்காரர் திரும்பினார். "தாராவியா? மாட்டுங்கான்னுல்லா சொன்னாவ?"

"லேபர் கேம்ப் தாராவிக்குள்ளதான் இருக்கு அண்ணாச்சி."

அந்த அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காலையில் கடைத்தெருவில் இறங்கியபோது டாக்சி சீட்டிலேயே போட்டுவிட்டுப் போன அதே பை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் சந்துக்குள் நுழைந்ததும் அண்ணன்காரர் போனை எடுத்தார். தலைக்கு மேலே தொங்கும் வயர், பக்கத்து வீட்டு அண்டா, பின்னால் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடி. இங்கேயும் பழசும் புதுசும் ஒரே படத்தில்தான் வந்திருக்கும். ஆனால் இந்தத் தடவை அவர் அதை யாரிடமும் காட்டவில்லை. அந்தக் கோபுரம் பழசு என்றால் இந்தச் சந்தும் பழசுதான். எங்கள் தாத்தா வந்து தகரம் அடித்த வீடு இது, அப்பா பிறந்ததும் இதற்குள்தான். கல்லில் கட்டிய பழசுக்குக் காலையில் அவ்வளவு புகழ்மாலை, ஆட்கள் குடியிருந்தே பழசாக்கினால் மூக்கைப் பொத்த வேண்டுமா? இதைக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. தங்கையின் இஸ்திரிப் புடவையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் அந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தங்கை காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைத் தொடவில்லை, அவளையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு அப்பாவிடம் கேட்டார்.

"இங்கன எல்லாத்தையும் இடிச்சிட்டு மாடி கட்டித் தாரானாம்லா?"

"அப்படித்தான் சொல்லுதாவ," என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதேயில்லை. ஆயுசு முழுக்க உழைத்த மனுஷன், தன் வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி நின்றார்.

"அப்பம் மாடி வரட்டும். பொறவு பேசிக்கிடுவோம்."

பிள்ளையைப் பெற்றவர் பெண் பார்க்க வந்தாரா, வீடு வாங்க வந்தாரா? நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். நோயாளியிடம் மாத்திரை சாப்பிடச் சொல்கிற அதே நிதானமான குரல்.

"மாடி வந்தாலும் அது தாராவியிலதான் அத்தை வரும்."

அந்த அம்மா எழுந்தார். அண்ணன்காரர் அவருக்கு முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் சந்தைத் தாண்டும்வரை தங்கை வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து, தொடாமல் வைத்துப்போன காப்பியைத் தானே எடுத்துக் குடித்தாள்.

அந்த அம்மாவை அவள் அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.