காலருக்கு அடியில் ஒரு வியாதி

வாத்தியார் வேலை கிடைத்ததும் எனக்கு முதலில் வந்தது பாடம் நடத்தும் ஆசை இல்லை, வெள்ளைச் சட்டை மோகம்தான். ராஜசிங்கமங்கலத்துக் கண்மாயில் நானே கசக்கிக் கட்டிக்கொண்டிருந்தவன், தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மறுநாளே துணியைச் சலவைக்குப் போட்டேன். ஆறு மாதத் தற்காலிக வேலை. தலைமையாசிரியர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் நிரந்தரம்.

மூன்றாம் வாரம் பிடரியில் அரிப்பு. பிறகு சூடு, தடிப்பு, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். அது உடைந்து வடிந்து காலரில் ஒட்டிக்கொண்டது. என் பிடரி என் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஊரில் கண் உள்ள அத்தனை பேரும் பார்த்து ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். நான் குடியிருந்த வீட்டு அம்மா, "கருவாட்டுச் சூடு" என்று சொல்லி மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டார். கம்பவுண்டர் எட்ட நின்று குச்சியால் ஊதா மருந்தைத் தடவினார்.

தலைமையாசிரியர்தான் எல்லாரையும் மிஞ்சிய மேதை. "பெருவியாதி" என்றார். "பிள்ளைக இருக்கிற இடம் சார். நீங்க ஊருக்குப் போயிருங்க." தொழுநோயில் தோல் மரத்துப்போகும், ஊசியால் குத்தினாலும் தெரியாது என்று ஐந்தாம் வகுப்புச் சுகாதாரப் பாடத்தில் முழங்கியவர் அவரேதான். என் பிடரியில் ஈ உட்கார்ந்தாலே உயிர் போனது. படித்தது பிள்ளைகளுக்கு, பயம் நமக்கு என்று பிரித்து வைத்திருந்தார் போலும். கேலி இப்போது வருகிறது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் போகட்டும், அந்தப் பெயரோடு ஊருக்குள் எப்படிக் கால் வைப்பது?

வீட்டு அம்மா கடைசியாக அக்கி எழுத வேளாரைக் கூட்டிவந்தார். பானை செய்கிறவர், உடம்பில் அக்கி கண்டால் காவியைக் குழைத்து அதன்மேல் எழுதுவதும் அவர்தான். கோழியிறகைக் காவியில் தோய்த்தவர் அப்படியே நிறுத்தினார்.

"வாத்தியாரய்யா, எனக்கு முந்தியே யாரோ எழுதிட்டாகளே."

"யாரு?"

"இங்கன மூணு புள்ளி, கீழ ஒரு கோடு. அக்கி என்ன கோடு கிழிச்சா வரும்? இது வண்ணாரு போடுற குறியில்லையா!"

சட்டையைக் கொண்டுவந்து காலரை விரித்தோம். அதே மூன்று புள்ளி, அதே கோடு. ஊருக்கே வெளுக்கிற வண்ணார், துணி மாறிப்போகாமல் இருக்கச் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட அடையாளம். தண்ணீரில் போகாது, தோலில் பட்டால் வெந்துவிடும். ஊதா மருந்தும் மெழுகுதிரியும் கண்டுபிடிக்காததைச் சொல்லிவிட்டு, ஒரு கோடுகூட எழுதாமல் வேளார் போய்விட்டார்.

மறுநாள் அந்தச் சட்டையைத் தலைமையாசிரியர் மேசைமேல் வீசி, நடந்ததைச் சொன்னேன். வழியெல்லாம் நாலு வசவு சேர்த்து வைத்திருந்தேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். எப்போதும் போடும் கழுத்து மூடிய கோட்டின் மேல் பொத்தானை அவிழ்த்து, எனக்கு முதுகைக் காட்டிக் காலரை இறக்கினார். பிடரி கருத்துத் தடித்து, ஓரத்தில் கசிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு வருசமா வீட்டுல தனித் தட்டு சார். பெத்த பிள்ளையத் தூக்கினதில்ல," என்றார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இதுவும் அதுதானா?"