மழைக்குக் காத்திருந்த பீப்பாய்

எங்கள் வீட்டில் மழையை முதலில் கண்டு சொல்வது நான்தான். துறைமுகப் பக்கம் வானம் கறுத்தால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடுவேன். காயப்போட்ட உடுப்பை எடுக்க என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. பீப்பாயின் குழாயைத் திறக்க.

கொட்டாஞ்சேனையில், ஒரு குறுகிய ஒழுங்கையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் கணவர் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிறார். கவரிங் வளையல், கொலுசு, குத்துவிளக்கு எல்லாம் வரும். செம்பு, நிக்கல், குரோமியம் என்று தொட்டி தொட்டியாகக் கரைசல். பாவித்து முடிந்த கரைசலை ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் சேர்த்து வைப்போம். வெயில் நாளில் அதைக் கழிவுநீர்க் கானில் விட்டால் தண்ணீர் பச்சையாக ஓடும், அயலெல்லாம் கேள்வி கேட்கும். அடைமழையில் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. இந்தத் தொழில் செய்கிறவர்களுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் அது. கல்யாணமாகி வந்த முதல் மாரியிலேயே நான் பழகிவிட்டேன்.

"ரேடியோவில வானிலை கேக்கத் தேவையில்லை, நீர் ஒராள் காணும்" என்று கணவர் பகிடி விடுவார். எனக்கும் அதில் ஒரு பெருமை. என்ன பெருமையோ! இப்போது நினைத்தால் என் வாயில் நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் ஒரு பெண் தண்ணீரில் வளரும் கங்குன் கீரை விற்கக் கொண்டுவருவாள். மலையகத்திலிருந்து வந்து மட்டக்குளியில் குடியிருந்தவள். எங்கள் கான் போய் விழுகிற சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் அவளுடைய பாத்தி. அப்போது அவளுக்கு ஏழு மாதம். தலையில் பேசின், வயிற்றில் பிள்ளை. எனக்கு வாய் நீளம், பேரம் பேசாமல் ஒரு கட்டும் வாங்கமாட்டேன். "அக்காவுக்கு என்கிட்ட மல்லுக்கட்டலைன்னா சோறு இறங்காதே" என்று சிரித்தபடி ஒரு கட்டைக் கூடப் போட்டுவிட்டுப் போவாள்.

ஒருநாள் பேசினை இறக்கியதும் இறக்காததுமாகக் கேட்டாள்.

"அக்கா, நீங்க படிச்சவங்க. இந்தத் தவளைங்களுக்கு என்னக்கா வந்துச்சு? முந்தியெல்லாம் காலடிச் சத்தம் கேட்டாலே தொபுக்குன்னு தண்ணில பாயும். இப்ப தொட்டாக்கூட அப்படியே குந்திக்கிட்டிருக்கு."

எனக்கும் பொழுது போகாத நாள். போய்ப் பார்ப்போமே என்று முச்சக்கர வண்டியில் அவளோடு போனேன். அதற்கு முதல் நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது.

கங்குன் தளதளவென்று நின்றது. அதற்கு அடியில் தவளைகள். ஒன்றைக் குச்சியால் தொட்டேன். முன்னங்காலை ஊன்றி எழும்பப் பார்த்தது, பின்னங்கால் கூடவரவில்லை. இழுத்துக்கொண்டு ஒரு சாண் போய் நின்றுவிட்டது. தேங்கிய தண்ணீரில் தவளைக் குஞ்சுகளான வாற்பேத்தைகள், சிலதுக்கு வால் வளைந்திருந்தது. அவை முன்னால் போகத் தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றின. காகங்கள் அவசரமே இல்லாமல் நடந்து நடந்து பொறுக்கின.

நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சும் என்று பரீட்சையில் படம் கீறிப் புள்ளி வாங்கியவள். தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அதன் உடம்புக்குள் போகும். உலோகமும் போகும். நரம்பைப் பிடிக்கும், தசையைப் பிடிக்கும். மழை வந்தால்தான் தவளை வெளியே வரும், இணை தேடும், முட்டை இடும். மழை வந்தால்தான் நான் குழாயைத் திறப்பேன். இரண்டு பேரும் ஒரே வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"ஏதும் நோயாக்கா?" என்று அவள் கேட்டாள்.

"வெக்கை கூடிப்போச்சு தங்கச்சி. கிளைமேட் சேஞ்ச். உலகம் முழுக்க இப்பிடித்தான்" என்றேன். கண் இமைக்காமல் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, பக்கத்துப் பாத்திக்காரியிடமும் போய், "படிச்ச அக்கா சொல்றாங்க, சூடுதானாம்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் பாய்ந்தேன். "எங்கட தண்ணிதான் அங்க போகுது. அவள் பிள்ளைத்தாய்ச்சி. அந்தக் கீரையைத்தான் தின்னுறாள்."

"நாங்கள் மட்டுமே ஊத்துறம்? ஒழுங்கை முழுக்க ஊத்துது. நீர் வாயைத் திறந்தால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். தவளைக்கும் மனுசருக்கும் என்னப்பா சம்பந்தம்?"

கத்தினேன், அழுதேன், சாப்பிடாமல் படுத்தேன். அவ்வளவுதான் என் வீரம். அந்தக் கிழமைக்குள்ளேயே, அவர் வேலையாக வெளியே போயிருந்த நேரம் வானம் கறுத்தது. போன் வந்தது. "பீப்பாய் நிரம்பிப்போய்க் கிடக்கு, திறந்து விடும்." திறந்து விட்டேன். கானுக்குள் எங்கேயோ ஒரு தவளை கத்திக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது, "கங்குன் வேண்டாம் தங்கச்சி, டொக்டர் சாப்பிடக்கூடாதெண்டு சொல்லிப்போட்டார்" என்றேன். உண்மையைச் சொல்லப் பயம், அந்தக் கீரையைத் தின்னவும் பயம். அவள் முகம் வாடியது. தன் கீரையில் ஏதும் குறையா என்று கேட்டாள், என் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். நான் பூசி மெழுகி அனுப்பினேன்.

அடுத்த செவ்வாய் வல்லாரைக் கட்டோடு வந்தாள். அதே பாத்தியில், எனக்கென்றே பிடுங்கியது. "இது உடம்புக்கு ரொம்ப நல்லதுக்கா. சும்மா வச்சுக்கோங்க. எனக்கும் கிளினிக்ல கீரை நல்லாச் சாப்பிடச் சொல்லியிருக்காங்க, விக்காம மிஞ்சுறதெல்லாம் நானே வதக்கித் தின்னுடறேன்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். பீப்பாயைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், குழாயைத் திறப்பது நான்தான் என்பதையும் சொன்னேன். "அந்தப் பாத்தியில ஒண்டும் சாப்பிடாதீங்கோ" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எப்பயிலருந்துக்கா ஒங்களுக்குத் தெரியும்?"

"அண்டைக்குத் தவளையைப் பாத்த நேரமே தெரியும்."

டொக்டர் கதையை அவள் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப ஒங்க வீட்டுக்கு மட்டும் கீரைய நிப்பாட்டிக்கிட்டீங்க" என்றாள்.

வயிற்றோடு சிரமப்பட்டுக் குனிந்து, படியில் வைத்த வல்லாரையை எடுத்துப் பேசினுக்குள் போட்டாள். தூக்கிவிடக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்து, தானே தூக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு அவள் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. பிள்ளை பிறந்ததா, எப்படி இருக்கிறது என்று போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை.

அவள் அப்படிப் போய் ஒழுங்கை முனை திரும்பும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கத்திலிருந்து கணவர் கூப்பிட்டார். "இஞ்சேரும், மழை வருது!"

நான் வாசலை விட்டு அசையவில்லை. அன்று நான் திறக்கவில்லை. அவர் திறந்தார். திறந்திருந்த பின்கதவு வழியாக நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.