ஆறாம் வகுப்புச் சுவரும் ரெண்டு மார்க் பதிலும்

கரிசல் மண்ணைப் பற்றிப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் ரெண்டு மார்க் கேள்வி ஒன்று உண்டு. ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், பருத்திக்கு ஏற்றது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கும். நானும் வருஷா வருஷம் சிவப்பு மையில் டிக் போட்டு ரெண்டு மார்க் கொடுக்கிறேன். எழுதுகிற பிள்ளை கரிசலில் நிற்கிறது. அதன் வீட்டுப் புஞ்சை கரிசல். பள்ளிக்கூடமே கரிசலில்தான் நிற்கிறது. ஆனால் கரிசல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அத்தனையும் மகாராஷ்டிரம் என்று சொல்லும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற ரோட்டில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் எங்கள் பள்ளிக்கூடம். நான் அங்கே சமூக அறிவியல் டீச்சர். புவியியல் பாடம் வந்துவிட்டால் எனக்கு வகுப்பறைக்குள் இருப்புக் கொள்ளாது. சூரியன், நிழல், காற்று, மண், பாறை எல்லாம் வெளியே கிடக்க, உள்ளே உட்கார்ந்து படம் பார்ப்பானேன்? ஆனால் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனால் போதும், "டீச்சர் கிளாஸ எடுக்காம காத்து வாங்குதாங்க" என்று பேச்சு வரும். பேசுகிற வாய் பேசட்டும் என்று நான் போய்க்கொண்டே இருப்பேன்.

அந்த ஆவணியிலும் அப்படித்தான் பத்தாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். மழைக்கு முந்தின வெயில் காலம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் ஸ்கேலை விடச் சொன்னேன். விட்ட ஸ்கேல் முழுசாக உள்ளே போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. மழை பெய்தால் இதே மண் உப்பி, இந்த வெடிப்பெல்லாம் தானாக மூடிக்கொள்ளும், மண் செத்துப்போன பொருள் இல்லை, வருஷம் முழுக்க அசைந்துகொண்டே இருக்கிறது என்று சொன்னேன். அப்போது பின்னால் நின்ற பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஆறாம் வகுப்புச் செவரும் இப்படித்தான் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கி. அதுவும் மழ பெஞ்சா மூடிக்கிடுமா?"

அவள் தங்கச்சி அந்த வகுப்பில் படித்தாள். தினமும் அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத்தான் இவள் தன் வகுப்புக்கு வருவாள். அதனால் எங்கள் யார் கண்ணிலும் படாதது இவள் கண்ணில் பட்டிருக்கிறது.

எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். ஜன்னல் மூலையில் புறப்பட்டு, கோணலாக ஏறி, கூரை வரைக்கும் போயிருந்தது விரிசல். சுவரின் ஒரு பாதி தன் போக்கில் வெளியே சாயப் பார்க்கிற மாதிரி இருந்தது. கரிசலில் ஆழமாகத் தோண்டி அஸ்திவாரம் போடாவிட்டால் மண் விரியும்போது கட்டடத்தைத் தூக்கும், சுருங்கும்போது கீழே விடும். இப்படித் தூக்கித் தூக்கி விட்டால் எந்தச் சுவர்தான் தாங்கும்? விரிசலின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துவரச் சொன்னேன். அவளும் இன்டர்வல் விட்டால் ஸ்கேலோடு அங்கேதான் நிற்பாள்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவரும் என்னை மாதிரி சமூக அறிவியல் எடுத்து வந்தவர்தான். அந்த ரெண்டு மார்க் பதிலை என்னைவிட அதிக வருஷம் சொல்லிக்கொடுத்தவர். "பாக்குதேன் டீச்சர், எஞ்சினியருக்குச் சொல்லி விடுதேன்" என்றார். சொல்லியும் விட்டார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எஞ்சினியர் வருவதற்கு முன்னால் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்துவிட்டது. அவ்வளவுதான், பள்ளிக்கூடம் கல்யாண வீடு ஆகிவிட்டது. ஒரு பெயின்டர் வந்தார். விரிசலில் சிமென்டை அப்பி, பட்டி பார்த்து, அதன்மேல் சூரியக் குடும்பம் வரைந்தார்.

சூரியக் குடும்பம்! எட்டுக் கிரகமும் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில். சூரியனைப் பார்த்தால் வியாழனுக்குத் தம்பி மாதிரி இருந்தது. அது கிடக்கட்டும். சரியாக விரிசல் இருந்த இடத்தில் பூமி, பக்கத்தில் செவ்வாய். பிள்ளை போட்ட பென்சில் கோடெல்லாம் நீலப் பெயின்டுக்கு அடியில் போய்விட்டது. வந்த அதிகாரி அந்தச் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "அறிவியல் ஆர்வத்தைத் தூண்டுற மாதிரி இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார். பூமியைப் படமாக வரைந்து, கீழே இருக்கிற பூமி சொல்வதை மூடி மறைத்திருக்கிறார்கள், அதற்கு இவர்களுக்குக் கைதட்டல் வேறு!

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷம் நல்ல மழை. மைதானத்து வெடிப்பெல்லாம் மூடி, நடந்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது மண். கார்த்திகையில் குடை பிடித்துக்கொண்டு எஞ்சினியர் வந்தார். சுவரைத் தட்டினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பூமியும் செவ்வாயும் பளபளவென்று இருந்தன.

"எங்க இருக்கு விரிசல்? ஒண்ணையும் காணோமே" என்றார்.

"பெயின்டுக்கு அடியில இருக்கு, மழைக்கு மூடியிருக்கு சார்" என்றேன்.

"செவரு என்ன கதவா டீச்சர், தெறந்து தெறந்து மூட?" என்று சிரித்தார். தலைமையாசிரியரும் சேர்ந்து சிரித்தார்.

வாசலில் நின்ற அந்தப் பிள்ளை, "சார், பங்குனியில வந்து பாருங்க சார்" என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். அதற்குத் தலைமையாசிரியர் போட்ட சத்தம் இருக்கிறதே! "ஏட்டி, பெரியவங்க பேசுத எடத்துல ஒனக்கென்ன சோலி? எஞ்சினியருக்கே நீ பாடம் எடுக்கியோ?" பிள்ளை முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "சார், ஈரம் பட்டா விரியும், காஞ்சா சுருங்கும்னு நீங்களும் நானும்தான் சொல்லிக்குடுத்தோம். அதையே அந்தப் பிள்ள திருப்பிச் சொல்லுது. பேப்பர்ல எழுதுனா ரெண்டு மார்க்கு, வாயால சொன்னா வாயாடியா?" என்று கேட்டேன். "பாடம் வேற, பில்டிங் வேற டீச்சர்" என்றார். அப்படியே சொன்னார், ஒரு எழுத்து நான் கூட்டவில்லை. கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாடம் வேறாம்! அப்படியானால் இத்தனை வருஷமாக நான் என்ன வெங்காயம் உரித்துக்கொண்டா இருந்தேன்?

எங்கள் வாப்பா டவுனில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தார். இப்போது தம்பி பார்க்கிறான். அவனிடம் மெல்லிய கண்ணாடியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி வாங்கினேன். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமென்டால் சுவரோடு பிடித்துவிட்டால், சுவர் அசைந்ததும் கண்ணாடி உடைந்துவிடும். கட்டட வேலைக்காரர்கள் செய்கிற காரியம்தான். தை மாசம், பெயின்டுக்கு அடியில் விரிசல் ஓடிய இடம் பார்த்து, பூமிப் படத்தின் மேல் நானும் அந்தப் பிள்ளையும் அதை ஒட்டினோம். "இது ஒடஞ்சா ஒரு நிமிஷம்கூட உள்ள இருக்கக் கூடாது, வெளிய வந்து என்னக் கூப்பிடணும்" என்று ஆறாம் வகுப்புக்குச் சொல்லிவைத்தேன். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி. காலையில் வந்ததும் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

மாசி முடிகிற சமயம். வெயில் ஏறிவிட்டது. கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கண்ணாடி டிக்கென்று உடைந்தது. தங்கச்சிக்காரி எழுந்தாள். பையைக்கூட எடுக்கவில்லை, நேராக வெளியே நடந்தாள். பின்னாலேயே மொத்த வகுப்பும் எழுந்து போய்விட்டது. கணக்கு சார் சாக்பீஸும் கையுமாகத் தனியாக நின்றார்.

எனக்கு ஓடிப்போய் அந்தச் சின்னவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். வகுப்பைக் கலைத்துவிட்டாள் என்று அவளை ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டார். அக்காக்காரிதான் தூண்டிவிட்டிருக்கிறாள் என்று அவளுக்கும் சேர்த்து. மறுநாள் அம்மாவைக் கூட்டிவரணும், இல்லாவிட்டால் ரெண்டு பேரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுவர் பிளந்தது குற்றமில்லை. அதைப் பார்த்து எழுந்ததுதான் குற்றம். நான் சண்டை போட்டேன். "நீங்க குடுக்குத எடந்தான் டீச்சர்" என்றார்.

மறுநாள் அம்மா வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடுதான் நின்றாள். "ரெண்டு பேரையும் கண்டிச்சு வைங்கம்மா. செவரு விழப்போவுதுன்னு புரளியக் கெளப்பிட்டுத் திரியுதுக" என்றார் தலைமையாசிரியர். அவள் தலையை ஆட்டினாள். பிறகு, "எந்தச் செவரு சார்?" என்று கேட்டாள்.

நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியரும் வேண்டாவெறுப்பாகப் பின்னாலேயே வந்தார். பூமியின் குறுக்கே பெயின்ட் பிளந்து, அப்பியிருந்த சிமென்ட் பொரிந்து கீழே கிடந்தது. அம்மா ஜன்னல் மூலைக்குப் போய் விரிசலுக்குள் விரலை விட்டாள். விரல் உள்ளே போனது. எடுத்துப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கம் இருந்த பெஞ்சைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ எங்கன ஒக்காருவ?"

தங்கச்சி சுவரோரப் பெஞ்சைக் காட்டினாள்.

அதுவரைக்கும் குனிந்தே நின்ற அந்த அம்மா நிமிர்ந்தாள் பாருங்கள். "இதுக்கு அடியிலயா எம் பிள்ளைய ஒக்கார வச்சிருக்கீங்க? நான் தீக்குச்சி மருந்துக்குள்ள கெடந்து சாவுதேன், பிள்ள பள்ளிக்கூடத்துல பத்திரமா இருக்குன்னுல்லா நெனச்சேன்! வெளிய வந்ததுக்கா அவள நிறுத்தி வச்சீங்க?" பள்ளிக்கூடமே கேட்கிற மாதிரிக் கத்தினாள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சந்தடியில் நான் பெஞ்சுகளை வெளியே போடச் சொல்லி, அறையைப் பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதைத் திருப்பிக் கேட்க அந்த நேரத்தில் தலைமையாசிரியருக்குத் தைரியம் வரவில்லை. ஆறாம் வகுப்பு வேப்பமரத்தடிக்குப் போனது.

இதில் ஒரு சங்கதி. சுவர் விழவில்லை.

பங்குனி போனது, சித்திரை போனது, விழவில்லை. லீவு முடிந்து ஜூனில் வந்தபோதும் நின்றது, விரிசல் இன்னும் அகலமாகி. அந்தப் பிள்ளை பாஸாகிப் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தாள். தங்கச்சி ஏழாம் வகுப்புக்குப் போனாள். புதுசாக ஒரு ஆறாம் வகுப்பு வந்து மரத்தடியில் உட்கார்ந்தது. ஸ்டாஃப் ரூமில் எனக்குத் தினமும் அர்ச்சனை. "என்ன டீச்சர், செவரு எப்ப விழுது? நல்ல நாள் பாத்துச் சொல்லுங்க." "டீச்சர் சொன்னா கிரகமே நவுரும், செவரு மட்டும் நவுர மாட்டேங்குதே." ஏதோ பந்தயம் கட்டி நான் தோற்ற மாதிரி. விழவில்லை என்பதில் இவர்களுக்கு என்ன சந்தோஷம் என்று நினைத்து நினைத்து எனக்கு நெஞ்சு கொதிக்கும். விழுந்தால்தான் நம்புவார்களாம். விழும்போது அடியில் ஒரு பிள்ளை இருந்தால் இன்னும் நன்றாக நம்புவார்கள் போல. நான் சொன்னது ஜோசியமா? மண்ணைப் பற்றிய பாடம்.

இதோ மறுபடியும் ஐப்பசி மழை. மண் உப்பிவிட்டது, விரிசல் மூடிக்கொண்டது. வேப்பமரம் ஒழுகுகிறது என்று ஆறாம் வகுப்பை வராந்தாவில் நெருக்கி உட்கார வைத்திருக்கிறோம், சாரல் அடிக்கும்போது புத்தகத்தை மடியில் மூடிக்கொள்கிறார்கள். போன வாரம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். எஞ்சினியர் திரும்பவும் வந்து வெளிப்பக்கமாகவே பார்த்துவிட்டாராம், சுவர் கல்லு மாதிரி இருக்கிறதாம்.

"பாவம் டீச்சர், பிள்ளைக நனையுது. வீம்பு பிடிக்காம சாவியக் குடுங்க. செவருக்கு ஒண்ணுமில்லன்னு அவியளே சொல்லிட்டாவ."

"தாரேன் சார்" என்றேன். சாவியை எடுத்து மேஜைமேல் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தேன். "பிள்ளைகள எதுக்கு மாத்தணும்? உங்க ஆபீஸ் ரூம் நல்லா இருக்கு, ஆறாம் வகுப்ப இங்கன ஒக்கார வைப்போம். நீங்க உங்க மேஜை நாற்காலிய அங்கன போட்டுக்கிடுங்க. செவத்தோரமா, பூமிக்கு நேரா அடியில. வாற பங்குனி சித்திரை முடியுத வரைக்கும் மட்டும் இருங்க சார், அப்பறம் பிள்ளைகள உள்ள விடுவோம்."

அவர் சாவியைப் பார்த்தார். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஆறாம் வகுப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கையை மேஜைமேல் வைத்தவர், வைத்த இடத்திலிருந்து நகர்த்தவில்லை.

"வேணாம், நீங்களே வச்சிருங்க" என்றார்.