மாமாவின் டச்சிங்கும் அண்ணனின் இரண்டு புள்ளிகளும்

என் மாமா, அம்மாவின் தம்பி, தம்பானூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். படம் எடுப்பதில் அவர் சுமார்தான். ஆனால் டச்சிங்கில் சூரர். நெகட்டிவைக் கண்ணாடி மேசையில் வைத்து, அடியில் பல்பைப் போட்டு, ஊசியாய்ச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு எடுப்பார். பரு, அம்மைத் தழும்பு எல்லாம் பிரிண்டில் காணாமல் போயிருக்கும். பெண் பார்க்க அனுப்பும் படத்துக்காக நாகர்கோவிலிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்பது மாமாவின் பொறுப்பல்ல.

நான் அப்போது நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டால் ஸ்டுடியோவில்தான் கிடப்பேன். வீணாய்ப்போன நெகட்டிவ்களைக் கொடுத்து என்னையும் பழக விட்டிருந்தார். "நெகட்டிவ்ல வெளுப்பாத் தெரிஞ்சா மூஞ்சியில கறுப்பு. அதை அடைச்சிட்டாப் போச்சு, கேட்டியா மக்ளே" என்பார். கேட்டுக்கொண்டேன். அதுதான் வினையாயிற்று.

அந்த வருஷம் அண்ணனுக்கு முழங்காலில் வீக்கம் வந்தது. அவனுக்குப் பதினைந்து வயது. பந்து விளையாடி அடிபட்டிருக்கும் என்று தைலம் தடவிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் எலும்பில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய கறுப்புப் பிலிம், அதில் கட்டம் கட்டமாக நுரையீரல்.

மாமா சும்மா இருப்பாரா? வலியசாலையில் எங்கள் வாடகை வீட்டு ஜன்னலில் பிலிமைப் பிடித்து, தொழில் தெரிந்தவர் என்ற மிதப்பில், வெள்ளைப் புள்ளிகளை எண்ணத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டியதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அலறிய அலறலில் அக்கம்பக்கமெல்லாம் ஓடி வந்தது.

மறுநாள் டாக்டரம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அதெல்லாம் ரத்தக் குழாய்களாம், குறுக்கே பார்த்தால் அப்படித்தான் தெரியுமாம். கவனிக்க வேண்டியவை இரண்டே இரண்டு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மஞ்சள் பென்சிலால் இரண்டு அம்பு போட்டுக் காட்டினார். இத்தனை சின்னதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எப்போதோ பிடித்த சளியின் தழும்பாகவும் இருக்கலாம், காலிலிருந்து கிளம்பி வந்ததாகவும் இருக்கலாம் என்றார். மூன்று மாதம் மருந்து ஏறட்டும், மறுபடி எடுத்து இதோடு வைத்துப் பார்ப்போம், வளராமல் இருந்தால் காலில் கம்பி வைத்துக் காலையும் காப்பாற்றலாம், இந்தப் பிலிமைப் பத்திரமாக வையுங்கள் என்றார். வளர்ந்திருந்தால் என்ன என்று அப்பா கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா அழுத அழுகையில் எனக்கே தெரிந்துவிட்டது. அந்த இரண்டு புள்ளியும் அண்ணனைக் கொன்றுவிடும்.

எனக்கு ஒரே ஆச்சரியம். இரண்டு புள்ளிக்கா இத்தனை பேர் முழிக்கிறார்கள்? மாமாவுக்குமா தோன்றவில்லை? ஒரு சனிக்கிழமை எல்லோரும் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது பீரோ மேலிருந்து பிலிமை இறக்கினேன். ஸ்டுடியோவிலிருந்து கொண்டுவந்த, பென்சில் வழுக்காமல் பிடிக்கத் தடவும் டச்சிங் மருந்தைப் பஞ்சால் தேய்த்து, பென்சிலைச் சீவி, அம்பு காட்டிய இரண்டையும் மெல்ல மெல்ல அடைத்தேன். எத்தனை நல்ல வேலை தெரியுமா, மாமா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

அதன்பிறகு எனக்குக் கவலையே இல்லை. அண்ணனுக்கு முடி கொட்டியது, சோறு கண்டாலே குமட்டியது. நான் பாட்டுக்குக் குதித்துக்கொண்டு திரிந்தேன். "ஊரே வெசனத்துல கெடக்கு, இவளுக்குச் சிரிப்பாணியப் பாரு" என்று அம்மா தலையில் குட்டினாள். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. புதுப் பிலிம் வரட்டும், அப்போது தெரியட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து மாமாவும் நானும்கூடப் போனோம். டாக்டரம்மா புதுப் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். இரண்டு புள்ளியும் இருந்தன. பக்கத்தில் பழையதை மாட்டினார். அம்பு இருந்தது, புள்ளி இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "பழயதில் இது காணுன்னில்லல்லோ" என்று மலையாளத்தில் தனக்குள் சொன்னார். பழையதில் இல்லாதது புதியதில் இருந்தால், புதிதாக முளைத்தது என்றுதானே அர்த்தம்? அம்மா அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமா எழுந்து போய்ப் பழைய பிலிமைக் கழற்றி, டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். பென்சில் மினுமினுத்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டீ!"

நான் ஒப்புக்கொண்டேன். நர்ஸ் ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்து தந்தாள். மாமாவே துடைத்தார். ஊரார் முகத்துப் புள்ளிகளையெல்லாம் மறைத்துப் பிழைத்த மனிதர், "வா தாயீ, வா" என்று முணுமுணுத்து இரண்டு புள்ளிகளை வரவழைத்துக்கொண்டிருந்தார். வந்தன. டாக்டரம்மா இரண்டு பிலிமிலும் ஸ்கேலை வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"வளர்ந்நிட்டில்ல. பேடிக்கண்டா."

வளரவில்லை, பயப்பட வேண்டாம் என்றார். சத்தியம் செய்து தர முடியாது, இனியும் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனாலும் நல்ல அறிகுறி, காலுக்கு ஆபரேஷன் தேதி குறிக்கலாம் என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நான் மட்டும் ஓவென்று அழுதேன். அடிக்குப் பயந்து அழுகிறேன் என்று நர்ஸ் மிட்டாய் கொடுத்தாள்.

அடியாவது மண்ணாவது. புள்ளி போகவே இல்லை, பார்த்துக்கொண்டே இவர்கள் சிரிக்கிறார்களே! திரும்பி வரும் ஆட்டோவில் அண்ணனிடம் கேட்டே விட்டேன். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும் பிள்ளே, நமக்கென்ன" என்றான் அவன். எல்லோரும் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். போகாமலே ஒன்று நல்லதாக இருக்க முடியும் என்பது ஒன்பது வயதுக்கு எங்கே புரியும்?

இரண்டு புள்ளியும் இன்னும் அவன் நெஞ்சில் அப்படியேதான் இருக்கின்றன. அண்ணனுக்குப் போன மாதம் நாற்பத்திரண்டு முடிந்தது.