ஐந்து வக்துக்கு ஐந்து கரண்டி

குர்ஆனில் சில எழுத்துகளுக்கு நாக்கு நுனி மேல் முன்பல்லைத் தொட வேண்டும். அந்தப் பல்தான் எனக்கு விழுந்தது. கற்பிட்டியில் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கு ஓதிக் கொடுக்கிறவள் நான். என் வாயிலேயே எழுத்து உடைந்தால் அவர்களுக்கு எதைக் கொடுப்பேன், சகோதரிகளே?

போன நோன்புப் பெருநாள் கழிந்து, புத்தளத்தில் தாடை எலும்புக்குள் ஆணி பதித்தார்கள். அது பிடித்த பிறகுதான் மேலே பல். சீனி வருத்தக்காரியான நான் தேத்தண்ணியில் சீனி போடுவதை நிறுத்தினேன். ஆனாலும் ஆணியைச் சுற்றி ஈறு, அதாவது முரசு, சிவந்து வீங்கியது. தொட்டால் இரத்தம்.

"இப்படியே போனா ஆணியக் கழட்டத்தான் வரும். சீனி ஏறியிருக்கு. என்ன சாப்பிடுறீங்க உம்மா?" என்றார் டொக்டர்.

"ஒண்டுமில்ல" என்றேன்.

ஒன்று இருந்தது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஒரு கரண்டி வண்ணாத்திவில்லுக் காட்டுத் தேன். தேனில் ஷிபா, நோய் தீர்க்கும் குணம், இருக்கிறதே! அதை டொக்டர் குறைவாகப் பேசிவிடுவாரோ என்று மறைத்தேன்.

அன்று இன்னொரு முறை இரத்தம் சோதிக்கக் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தொழுகை அறையில் லுஹர் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்த ஸுஜூதில் அழுகை வந்துவிட்டது. "யா அல்லாஹ், அழகுக்குக் கேட்கவில்லை. உன் கலாமை ஓதக் கேட்கிறேன். வழியைக் காட்டு."

திரும்பி டொக்டரின் அறைக்குப் போய்க் கதிரைகளில் உட்கார்ந்தோம். கூட வந்தவ சித்தி என்ற பேருடைய ராத்தா, எனக்கு அக்கா மாதிரி. என்னிடம் ஓத வருகிறவ, தேன் வாங்கித் தருகிறவவும் அவதான். நான் வாய் திறக்குமுன் சொல்லிவிட்டா:

"டொக்டர், இவ ஒரு நாளைக்கு அஞ்சு கரண்டி தேன் குடிக்கிறா. வில்பத்துக் கரடியும் இப்படிக் குடிக்காது!"

எனக்கு வந்த கோபம்! ராத்தாவை முறைத்தேன். டொக்டர் சிரித்தார். "ஷிபா இல்லண்டு நான் சொல்லல்ல உம்மா. உங்கட உடம்புக்கு அதுவும் சீனிதான். சீனி கூடினா முரசுக்கு இரத்த ஓட்டம் குறையும், கிருமி குடியேறும், புண் ஆறாது."

வழி கேட்டு நெற்றியைத் தூக்கிக் கொஞ்ச நேரம்தான். அல்லாஹ் ராத்தாவின் வாயால் காட்டிவிட்டான்.

தேனை விட்டேன். மருந்துக் குளிசையை நேரத்துக்குப் போட்டேன், கடற்கரையில் நடந்தேன். டொக்டர் ஆணியைச் சுற்றிச் சுத்தம் செய்தார். மெல்ல மெல்ல வீக்கம் வற்றி, முரசு இறுகிப் பிடித்தது. அல்ஹம்துலில்லாஹ், பல்லும் ஏறியது.

முதல் நாள் எழுத்து முழுசாக வந்தபோது அழுதேன். "இனி எங்களுக்கு ஏசவும் நல்லா வரும்" என்றா ராத்தா.

சகோதரிகளே, நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, மருந்து தருகிறவரிடம் எதையும் மறைக்காதீர்கள். பதில் பக்கத்துக் கதிரையிலேயே இருக்கும், கேலியும் பண்ணும். அன்று நான் முறைத்த அந்த ராத்தாவுக்காகத்தான் இன்று ஒவ்வொரு ஸுஜூதிலும் துஆக் கேட்கிறேன்.