இடிப்பெட்டியின் பின்பக்கம்

சூடேறிய தூசிக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்ச நாள் மூடிவைத்திருந்த ஆம்ப்ளிஃபயரைப் போட்டுப் பாருங்கள். உள்ளே படிந்த தூசி மெல்லக் காய்ந்து, வறுத்த வேர்க்கடலைத் தோல் மாதிரி ஒன்று மூக்கில் ஏறும். போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் பாஸ்கரன் வீட்டு ஹாலில் அந்த வாசனை வந்தது. பாஸ்கரன் எங்கள் கூட்டத்தில் ஒருவர். கூட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நல்ல ஸ்பீக்கர், நல்ல ஆம்ப்ளிஃபயர் என்று பைத்தியம் பிடித்து அலைகிற திண்டிவனம், விழுப்புரம் ஆட்கள் கொஞ்சம் பேர், மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்கிறோம். அதில் பெண் என்றால் நான் மட்டும்தான்.

"மேடம், ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்" என்று ஆரம்பித்தார் பாஸ்கரன். "பொம்பளைங்க ஏன் இதுக்கு வர்றதே இல்ல? உங்களத் தவிர ஒருத்தரக் காணோமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். பெண்களுக்குக் காது அமைப்பே வேறு என்றார் ஒருவர். ஒயர், கரண்ட் என்றாலே பயம் என்றார் இன்னொருவர். அவர் வீட்டு மிக்ஸியோடும் கிரைண்டரோடும் தினமும் மல்லுக்கட்டுவது யார் என்று கேட்க வாய்வரை வந்தது. அதற்குள் பாஸ்கரனின் மனைவி கலா டீத் தட்டோடு உள்ளே வந்தாள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, அவற்றின் பின்னாலிருந்த அடுப்பங்கரைக் கதவு வழியாக. எனக்குச் சட்டென்று விழுப்புரம் வீடு ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் கதவு அப்படித்தான். அப்பா ரயில்வேயில் இருந்தார். கடைத்தெருவில் ஒரு கடையில் சொல்லிச் செய்த ஸ்பீக்கர் செட்டு; என் தோள் உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள். அவற்றுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதன் கால்கள் எங்கே இருக்கவேண்டும் என்று சிவப்பு சிமெண்ட் தரையில் வெள்ளை பெயிண்டால் புள்ளி வைத்திருந்தார். அந்த இடத்தில் உட்கார்ந்தால் பாடுகிறவர் நடுவில் நிற்பார், வயலின் ஒரு பக்கம், தபலா ஒரு பக்கம் என்று எல்லாம் அததன் இடத்தில் நிற்கும். கொஞ்சம் நகர்ந்தாலும் கோணிப்போகும். ஞாயிறு காலையில் அப்பாவின் கூட்டாளிகள் வளவனூரிலிருந்தெல்லாம் வந்து, முறை வைத்து அந்த நாற்காலியில் உட்காருவார்கள். கோயிலில் தீபாராதனை பார்க்கிற முகத்தோடு உட்காருவார்கள்.

அம்மாவுக்கு முறை கிடையாது. அம்மா பெட்டிகளுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். சுவருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வயலின், புல்லாங்குழல், பாடுகிறவரின் மூச்சு, எல்லா மெல்லிய சத்தத்தையும் தானே வைத்துக்கொண்டு, அடித்தொண்டைச் சத்தத்தை மட்டும் அடுத்த அறைக்கு அனுப்பும். அம்மாவுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் டம் டம் என்ற இடிதான். அவர் வைத்த பெயர் இடிப்பெட்டி.

"ஏய், போய் ஒங்கப்பாவ அந்த இடிப்பெட்டிய கொறைக்கச் சொல்லு. மண்டைய ஒடைக்குது."

நான் போய்ச் சொல்வேன். அப்பா கூட்டாளிகளைப் பார்த்துச் சிரிப்பார். "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது?"

எனக்குப் புரிந்தது. ஆனால் டீ கையில் இருக்கும்வரைதான் எனக்கு அந்த அறையில் நிற்க உரிமை. அடுப்பங்கரையில் இடியாக இருந்த பாட்டு, கதவைத் தாண்டியதும் குரலாகும். இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் வயலின் கண் திறக்கும். அதற்காகவே தட்டை ஏந்திக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடப்பேன். அப்பாவுக்கு எதிரே போய் நிற்கும்போது டீ ஆறிப்போயிருக்கும். "வெச்சிட்டு ஜல்தி நவுரு. சத்தத்த மறைக்காத" என்பார். காலி டம்ளரோடு நிற்க ஒரு காரணமும் கிடையாது, உள்ளே ஓடிவிடவேண்டும். விழுப்புரத்திலேயே ஆறின டீ போடுகிற பெண் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரைக் கடைசிவரை காப்பாற்றினேன்.

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. தினமும் பாசஞ்சர் வண்டி. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசிப்பேன்: எனக்கென்று ஒரு செட்டு, அதற்கு எதிரே எனக்கென்று ஒரு நாற்காலி. புடவை, வளையல் எதுவும் அந்த ஆசைக்குக் கிட்டே வரவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "ஒரு வீட்ல ரெண்டு செட்டா? கட்டிக்கப் போறவன் வீட்ல போயி கேட்டுக்கோ" என்றார். சரி, நானே வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

தனியாகப் போகக்கூடாது என்று அம்மா என் தம்பி சேகரைக் கூட அனுப்பினார். அதே கடைத்தெரு, அதே கடை, அங்கேயும் ஒரே நாற்காலி. கடைக்காரர் மீசை முளைக்காத சேகரைப் பார்த்து "சார், வாங்க, உக்காருங்க" என்றார். சேகர் உட்கார்ந்து எதிர்க்கடை பரோட்டாக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாஸ் சவுண்டு எப்பிடி இருக்குது சார்?"

"நல்லா மொறுமொறுன்னு இருக்குங்க."

"செட்டு எனக்குங்க" என்றேன் நான்.

கடைக்காரர் இரக்கத்தோடு பார்த்தார். "உனக்குன்னா சின்னதா ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கிக்கம்மா. சமையக்கட்டுல அடக்கமா வெச்சிக்கலாம். இல்ல, சீருக்கு ஆவும்னா பெருசு எடு."

"சீருக்கு இல்லங்க. எனக்கு. எழுந்திருடா."

உட்கார்ந்தேன். வீட்டில் அப்பா ஞாயிறு தவறாமல் போடும் பாட்டையே போடச் சொன்னேன். கேட்டதும் எனக்குத் திக்கென்றது. வயலின் மாறிப் போயிருந்தது. வீட்டில் ஒரு பக்கம் கேட்பது இங்கே எதிர்ப்பக்கம் கேட்டது. "ஒயர மாத்திக் குடுத்திருக்கீங்க" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. கடைக்காரர் பெட்டியை இழுத்துப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒயர் சரியாகத்தான் இருந்தது. பாட்டுக் கேட்க வந்திருந்த ஒருவர், "இன்னாம்மா, சோத்தாங்கை பீச்சாங்கை தெரியாம செட்டு வாங்க வந்துட்ட?" என்றார். கடையே சிரித்தது. சேகரும் சேர்ந்து சிரித்தான், படுபாவி.

அந்த ஞாயிறு டீ கொண்டுபோய் அப்பாவுக்கு எதிரே நின்றபோதுதான் உறைத்தது. அப்பா பெட்டிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் அப்பாவைப் பார்த்து நின்றிருந்தேன். அவருக்கு இடம் எனக்கு வலம். பிறந்ததிலிருந்து நான் பாட்டைப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்த முகம் மாதிரி, எனக்குத் தெரிந்த பாட்டு முழுவதும் இடம் வலம் மாறின பாட்டு. கோபத்தில் டீ கொட்டிவிட்டது. அம்மாவிடம் அதற்கும் திட்டு.

தப்பாகப் பேசிச் சிரிப்புக்கு ஆளான ஆண் மறுநாளே அந்தக் கடைக்கு வந்து இன்னொரு தப்பு பேசுவான். அப்படித்தான் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள். பெண்ணைப் பார்த்து ஒரு தடவை சிரித்தால் போதும், அந்தத் தெருப்பக்கமே வரமாட்டாள் என்று கடைக்கே ஒரு நம்பிக்கை. நான் அடுத்த சனிக்கிழமை போனேன், சேகர் இல்லாமல். "ஒயர் சரியாத்தான் இருக்குதுங்க. நான்தான் இத்தினி நாளா பின்னாடி நின்னுக்கினு இருந்தேன். பாட்டப் போடுங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

செட்டு திண்டிவனத்தில் நான் வாடகைக்கு எடுத்த சின்ன வீட்டுக்கு வந்தது. பெட்டிகளுக்குப் பின்னால் எந்தக் கதவும் இல்லாத சுவராகப் பார்த்து வைத்தேன். அப்பா கடைசிவரை வந்து கேட்கவில்லை. அவர் போன மறுவருஷம் அம்மா வந்து தங்கினார். அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். நுனியில் உட்கார்ந்தார். "அடுப்புல ஏதாச்சும் வெச்சிருக்கிறியா? யார்னா வந்தா இன்னா நெனைப்பாங்க?" என்றார். அப்பாவின் பாட்டைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் முதுகு மெல்லச் சாய்ந்தது.

"இதுல புல்லாங்குழல் வருதே?"

"ஆமாம்மா."

"நம்ம வீட்ல போட்ட பாட்டுல இதெல்லாம் இல்லியே."

"இதே பாட்டுதாம்மா."

பாட்டு முடிந்ததும் அம்மா பெட்டிகளையே பார்த்துக்கொண்டு, "இத்தினி வருஷமா அவரு இதத்தான் கேட்டுக்கினு இருந்தாரா?" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தடவ கூப்ட்டிருக்கலாம்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

பாஸ்கரன் இன்னும் என் பதிலுக்குக் காத்திருந்தார். கலா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கூப்ட்டீங்களா?" என்றேன்.

"யார மேடம்?"

ஸ்பீக்கர்களுக்கு எதிரே இருந்த நாற்காலியை விட்டு நான் எழுந்தேன். "கலா, வா, உக்காரு."

"ஐயோ, வேணாங்கா. குக்கர் வெச்சிருக்கேன்."

"குக்கர நான் பாத்துக்கறேன். நீ உக்காரு." தட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவள் பாஸ்கரனைப் பார்த்தாள். பாஸ்கரன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரிமோட்டைப் பார்த்தார். அவள் உட்காரும்வரை நான் நகரவில்லை.

பெட்டிகளுக்கு நடுவே நடந்து அடுப்பங்கரைக்குப் போனேன். பாஸ்கரன் பாட்டைப் போட்டிருக்கவேண்டும், சுவர் வழியாக டம் டம் என்று இடி வந்தது. விழுப்புரம் வீட்டை விற்றாகிவிட்டது. வாங்கினவர் டைல்ஸ் போட்டதில் அப்பாவின் வெள்ளைப் புள்ளிகள் போய்விட்டன. அவருடைய பெட்டிகளைச் சேகர் காயலான் கடைக்குப் போட்டான். நான் செட்டு வாங்கின கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அம்மாவும் இல்லை. என் வீட்டில் வால்யூமை எவ்வளவு கூட்டினாலும் குறைக்கச் சொல்லி உள்ளேயிருந்து ஒரு குரலும் வருவதில்லை. அம்மா ஆயுசு முழுக்கக் கேட்ட பாட்டு இதுதானே என்று சுவரில் காதை வைத்து, குக்கர் அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.